மூன்றாம் பங்கு

வாளியின் மூடி முழுதாக இறுகியிருந்தது.

அவள் ஒருபோதும் அப்படி மூட மாட்டாள். ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் பதினாறு வருடமாகச் சரக்கறையைக் கவனித்துக்கொள்கிறவள். திருகு மூடியை ஒட்ட முறுக்கினால் குளிரில் கடித்துக்கொள்ளும், திறக்கும்போது நகம் பெயரும் என்பது அவளுக்குப் பழக்கத்தில் தெரியும். எப்போதும் கால் சுற்று மிச்சம் வைப்பாள். நான்கு வாளிகளையும் அப்படித்தான் மூடி, மேலே கறுப்பு மையில் எண் எழுதி, கணவரின் லாரியில் ஏற்றிவிட்டிருந்தாள். மலைப்பாதை வண்டித்தடத்தைக் கடக்கும் நான்கு இடங்களில் அவர் யாருக்கும் தெரியாமல் கற்களுக்கு அடியில் அவற்றை மறைத்து வைத்தார். முப்பத்தைந்து நாள் நடை. வழியில் கடை கிடையாது, ஊர் கிடையாது. ஏழு நாளுக்கு ஒரு வாளி, அதற்குள் இரண்டு பேருக்கு ஏழு நாள் சாப்பாடு.

"என்னக்கா, பொண்ணு பார்க்க வந்தவ மாதிரி அதையே பார்த்துட்டு நிக்கிறே? பசி உயிர் போகுது. திற."

தங்கை முதுகுப்பையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாறையில் சாய்ந்திருந்தாள். ஏழு நாள் வெயிலில் அவள் முகம் கறுத்து, கன்னத்தில் பழைய தழும்பு மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன் லேத் பட்டறைக்காரன், அவளைக் கட்டியவன், சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது என்று ஒரே குத்தில் அவள் தாடையை இரண்டாக உடைத்தான். தகடும் திருகாணியும் வைத்துச் சேர்த்தார்கள். ஆறு வாரம் உறிஞ்சுகுழாயில் குடித்தாள். இன்னமும் கடினமாக எதையும் கடிக்க முடியாது. அதனால்தான் வாளிக்குள் எல்லாமே மெத்தென்ற சரக்கு: ஓட்ஸ், பால் பவுடர், உலர்த்திய உருளைக்கிழங்குத் தூள், நூடுல்ஸ், வேர்க்கடலை வெண்ணெய்.

நடக்க வேண்டும் என்று கேட்டவளும் தங்கைதான். "யாரும் கதவைத் தட்டாத இடத்துல ஒரு மாசம் இருக்கணும்க்கா" என்றாள். மறுநாளே அக்கா சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து தராசை வைத்துவிட்டாள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுநூற்றைம்பது கிராம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பை. ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தராசு என்றே பெயர். கையில் எடுத்த பொருளை ஐந்து கிராம் பிசகாமல் சொல்லிவிடுவாள். "வாய்க்குள்ள போறதுக்கு முன்னாடி எடை போட்டுட்டுதான் விடுவா" என்று கணவர் கிண்டல் செய்வார்.

இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துத் திருகினாள். நகம் பெயர்ந்தது.

உள்ளே எல்லாம் இருந்தது. ஆனால் அவள் வைத்த மாதிரி இல்லை. கடைசி வாளியைக் கட்டும்போது நேரமாகிவிட்டதென்று அதில் சரக்கை அள்ளிப் போட்டது நினைவிருந்தது. இது முதல் வாளி, இதை ஓரளவு ஒழுங்காகத்தான் அடுக்கியிருந்தாள். இப்போது அதைவிட ஒழுங்காக இருந்தது. ஒரு நாளுக்கு ஒரு பை என்றிருந்தது, ஒரு நாளுக்கு மூன்று சின்னப் பைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அடியில் போட்டிருந்த காலிப் பைகளை யாரோ எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். ஒன்றைக் கையில் எடுத்தாள். நானூற்று முப்பது. இன்னொன்று. நானூற்று முப்பது. எல்லாமே.

மேலே அவள் வைத்த திட்டத்தாள் கிடந்தது. 'ஆட்கள்: 2' என்று அவள் எழுதியிருந்ததில் இரண்டின் மேல் ஒரு கோடு. பக்கத்தில், அச்சடித்தாற்போல 3.

"அத்தான் வேலைதான்" என்று தங்கை சிரித்தாள். "நானும் வரேன்னு சொல்றாரு. லாரி ஓட்டுற மனுஷனுக்குக் குசும்பைப் பாரேன்."

அக்காவும் சிரிக்கப் பார்த்தாள். அவள் கணவர் கையால் எழுதிய மூன்று, படுத்துக்கிடக்கும் நாய் மாதிரி இருக்கும். தவிர, ஒரு வாளிச் சாப்பாட்டைக் கிராம் சுத்தமாகப் பிரிக்க அவருக்குப் பொறுமையும் கிடையாது, தராசும் கிடையாது. அதைத் தங்கையிடம் சொல்லவில்லை. பைகளை எண்ணினாள். ஏழு மூன்று இருபத்தொன்று இருக்க வேண்டும். இருபதுதான் இருந்தது. முதல் நாளின் மூன்றாம் பங்கு இல்லை.

மறுநாள் காலையில் இன்னொன்று குறைந்தது.

எலி என்றாள் தங்கை. எலி பையைக் கடிக்கும். இங்கே உணவுப்பை போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது. உள்ளே அந்த நாளின் மூன்று பங்கில் ஒன்று காலி. காலிப் பை கழுவி, ஈரம் போக உலர்த்தி, நாலாக மடித்து மற்ற இரண்டின் மேல் வைக்கப்பட்டிருந்தது. அன்று மாலை உணவுப்பையை மரக்கிளையில் உயரமாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். காலையில் கிளையில் அது ஆடாமல் தொங்கியது. உள்ளே மடித்த காலிப் பை. அதற்கு மறுநாள் அக்கா அதைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். தூக்கம் பிடிக்காமல், கூடாரத் துணியில் பனி சொட்டும் ஓசையையும் தங்கையின் மூச்சையும் கேட்டுக்கொண்டே கிடந்தாள். இன்னும் கொஞ்சம் நிதானமான ஒரு மூச்சும் அருகில் கேட்பதாகத் தோன்றியது. அது தன்னுடையதுதான் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு எப்போதோ கண்ணயர்ந்தாள். விடிந்து எழுந்தபோது கன்னத்துக்கடியில் மடித்த பிளாஸ்டிக் சில்லென்று ஒட்டியிருந்தது.

ஆளுக்கு நானூற்று முப்பது கிராமில் ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் நடந்தார்கள். நாலாம் நாள் இடுப்புப் பட்டையில் ஒரு ஓட்டை இறங்கியது. சிரிப்பு நின்றது. பேச்சும் குறைந்தது. பின்னால் யாரோ வருகிறார்கள் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் சரளைக்கல்லில் இவர்கள் நிற்கும்போதெல்லாம் ஒரு காலடி தாமதமாக நின்றது.

இரண்டாவது வாளி கிடந்த இடத்தில் சேறு. சேற்றில் பூட்ஸ் தடம். முன்பக்கம் அகன்று, பட்டறையில் போடும் இரும்பு முனை வைத்த பூட்ஸ். பக்கத்தில் ஐந்தாறு சிகரெட் துண்டுகள், பாதிக்கு மேல் பிடிக்காமல் நசுக்கப்பட்டவை.

தங்கை குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அவள் கை தானாகத் தாடைக்குப் போனது.

"அவன்தான்."

"யாரு வேணா இருக்கலாம்டீ."

"பாதியிலயே நசுக்குவான். அவன்தான்க்கா."

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. ஆறு வாரத்துக்கு முன் அவன் அக்காவின் வீட்டுக்கு வந்து கத்தினான். கணவர் அவனை வெளியே தள்ளுவதற்குள், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த திட்டத்தாளை நின்று படித்தான். இடங்கள், தேதிகள், எல்லாம் அதில் இருந்தன. அவளே கூப்பிட்டு வழி சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

வாளிக்குள் அதே மூன்று பங்கு. அதே எண். முதல் பங்கு போயிருந்தது.

அங்கே மேட்டில் ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்று கணவர் சொல்லியிருந்தார். ஏறினாள். ஒரு கோடு, இரண்டு கோடு. அவர் எடுத்ததும் காற்று இரைச்சலுக்கு நடுவே கத்தினாள்.

"வாளியில தாளை மாத்துனீங்களா?"

"எந்தத் தாள்? நீ மூடிக் குடுத்த மாதிரியே வெச்சேன். அது கிடக்கட்டும், இங்க கேளு. அவன் பத்து நாளா பட்டறைக்கு வரலையாம். ரூம் பூட்டிக் கிடக்கு. போலீஸ்ல சொல்லிட்டேன். நாலாவது வாளி இருக்கில்ல, அந்தக் கல் குடிசை? இருபத்தெட்டாம் நாள் நான் அங்க இருப்பேன். அதுக்கு முன்னாடி வண்டி வர்ற ரோடு வேற எங்கயும் திறக்கல, மழையில போச்சு. ஒண்ணா இருங்க. பிரியாதீங்க. சாப்பாடு இருக்குல்ல?"

"இருக்கு" என்றாள். கோடுகள் போய்விட்டன.

வாளி இருந்த இடத்துக்கு அடையாளமாக அவர் ஒரு முழ நீள இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து வைத்திருந்தார். அவள் அதை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். நுனி கூராக இருந்தது. ஒன்றரைக் கிலோ. அதை முதுகுப்பையில் கட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தன் பங்கில் பாதியைச் சாப்பிட்டு மீதியை உள்சட்டையில் ஒளித்துவைக்கவும் தொடங்கினாள். ஒளித்ததை எதுவும் தொடவில்லை. எண்ணிக்கையில் சேர்ந்தது மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, நாளுக்கு ஒரு பங்கு.

இதெல்லாம் அவன் செய்கிறான் என்று நினைத்துக்கொள்வது அவளுக்கு ஒரு வகையில் ஆறுதலாகவே இருந்தது. அவனுக்கு முகம் உண்டு. அவன் எங்கே அடிப்பான், எப்படித் திரும்புவான் என்று தெரியும். கம்பியை எங்கே இறக்க வேண்டும் என்றுகூட நடக்கும்போதெல்லாம் மனதுக்குள் பார்த்துக்கொண்டாள். பனிமூட்டம் பிடித்துக்கொண்ட பகல்களில், முன்னால் போகும் தங்கையின் முதுகுப்பை மட்டும் மங்கலாக அசைய, ஊசியிலை வாசமும் ஈரக் கல் வாசமும் மூக்கை அடைக்க, இடையிடையே அந்த வாசத்துக்குள் வேறொன்று, வெகுநேரம் அடுப்பில் வைத்த எலும்பின் நெய்வாசம், வந்து வந்து போயிற்று. அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது. அதற்காகத் தன்மேல் அவளுக்கு வெறுப்பு வந்தது.

மூன்றாவது வாளியை அவளால் தனியாகத் தூக்க முடியவில்லை.

ஒன்பது கிலோ இருக்க வேண்டிய வாளி. இருவரும் சேர்ந்து கற்களுக்கிடையிலிருந்து இழுத்தார்கள். பதினெட்டு, பத்தொன்பது. மூடி இறுகியிருந்தது. இந்தத் தடவை கம்பியைக் கொடுத்து நெம்பினாள்.

ஓட்ஸ் இல்லை. பால் பவுடர் இல்லை. பைகள் இருந்தன, அவளுடைய பைகள், அவள் எழுதிய நாள் எண்களோடு. உள்ளே கருஞ்சிவப்பாக மெல்லிய துண்டுகள், உப்பும் புகையும் ஏறி உலர்ந்தவை. எலும்பு நீக்கி, கொழுப்பு தனியாக உருக்கி, ஒரு பையில் வெள்ளையாக உறைந்திருந்தது. ஏழு நாளுக்கும் பிரித்திருந்தது. மூன்று மூன்றாக. திட்டத்தாளில் அவள் எழுதிய சாமான்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அடிக்கப்பட்டு, எதிரே எடை மட்டும் புதிதாக எழுதப்பட்டிருந்தது. கூட்டல் சரியாக இருந்தது.

"ஏதோ மான் கறி" என்றாள் அக்கா. குரல் அவளுடையதாக இல்லை.

தங்கை அடிவரை கையை விட்டுக் கடைசிப் பையை எடுத்தாள். அதில் எதுவும் வெட்டப்படவில்லை. அது ஒரு இடது கை. மணிக்கட்டில் சுத்தமாக எடுக்கப்பட்டு, விரல்கள் மடங்கி, உலர்ந்து, தோல் பழுப்பாக இறுகியிருந்தது. சுண்டுவிரலின் நுனி இல்லை. அது இப்போது போனதல்ல, பல வருடத்துக்கு முன் லேத் மெஷினில் போனது. கல்யாண போட்டோவிலேயே அந்த விரலை அவன் மறைத்துப் பிடித்திருப்பான்.

அக்கா திரும்பிக்கொண்டு வாந்தியெடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை, புளித்த தண்ணீர்தான் வந்தது. துடைத்துக்கொண்டு திரும்பியபோது தங்கை அந்தக் கையைப் பைக்கு வெளியே எடுத்து மடியில் வைத்திருந்தாள். முட்டிகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கைதான்க்கா. இடது கைக்காரன். நான் இந்தப் பக்கம் திரும்பியிருந்தேன்."

"கீழ போடு. போட்டுட்டு எழுந்திரு. போயிடலாம்."

"யாரோ எனக்காகப் பண்ணியிருக்காங்க."

"யாருடீ? யாரு?"

தங்கை மலைச்சரிவைப் பார்த்தாள். அங்கே பனியைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு, எத்தனையோ மாதங்களுக்குப் பின், கன்னத்தில் தழும்பு மடிய, வாய் நிறையச் சிரித்தாள்.

குடிசைக்கு ஏழு நாள் வழி. அக்காவின் உள்சட்டையில் இரண்டு நாளைக்குப் போதுமான ஓட்ஸ் இருந்தது. திரும்பிப் போனால் இருபத்தொரு நாள். முன்னால் போவதைத் தவிர வேறு வழியில்லை. வாளியை மூடிக் கற்களுக்குள் தள்ளிவிட்டு நடந்தார்கள். இருட்டும்வரை நடந்து, வெளிச்சம் வந்ததும் எழுந்து, ஏழு நாள் வழியை ஐந்து நாளில் போட்டார்கள். ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி ஓட்ஸைத் தண்ணீரில் ஊறவைத்துப் பகிர்ந்தாள் அக்கா. தங்கை வாங்கிக்கொண்டாள். ஆனால் ஆவலாக வாங்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது, கால் பின்னியது. தங்கையோ ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் முன்னால் போனாள். அவள் உதடு பளபளவென்றிருந்தது.

நாலாம் நாள் ஓடையைக் கடக்கும்போது தங்கை தன் பையைக் கழற்றி, முதலில் அக்கரை ஏறிவிட்ட அக்காவிடம் நீட்டினாள். அக்கா வாங்கினாள். கூடாரம், படுக்கை, துணி, பாத்திரம். எட்டுக் கிலோ இருக்க வேண்டும். பன்னிரண்டு இருந்தது.

பன்னிரண்டு.

அவள் அதைத் திறக்கவில்லை. தங்கை ஏறி வந்ததும் அவள் முதுகில் மாட்டிவிட்டு, வாரைச் சரிசெய்து, பின்னால் நடந்தாள். அன்றிலிருந்து தூங்கும்போதும் கம்பியைக் கீழே வைக்கவில்லை.

இருபத்தாறாம் நாள், வெளிச்சம் சாயும் நேரத்தில், குடிசை வந்தது. கல் சுவர், தகரக் கூரை, தாழ்ப்பாள் இல்லாத இரும்புக் கதவு. உள்ளே ஒரு கல் திண்டு, கரி படிந்த மூலை, நடந்து போனவர்கள் சுவரில் கிறுக்கிய தேதிகள். இன்னும் இரண்டு நாள். இரண்டு நாள் இங்கே கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தால் கணவர் வந்துவிடுவார், ஹாரன் அடித்துக்கொண்டு, குசும்பாக ஏதாவது சொல்லிக்கொண்டு. அந்த நினைப்பை அவள் வாய்க்குள் வைத்து மெல்வதுபோல மென்றாள்.

குடிசைக்குப் பின்னால் நாலாவது வாளி கற்களுக்கு வெளியே, திறந்தே இருந்தது. காலி. கழுவித் துடைத்திருந்தது. அடியில் காலிப் பைகள், நாலாக மடித்து, இருபத்தொன்று. மூடி பக்கத்தில் மல்லாந்து கிடந்தது.

எதையோ போடுவதற்கு வைத்த பாத்திரம் மாதிரி.

"உள்ள வாக்கா" என்று தங்கை கூப்பிட்டாள். "பனி இறங்குது."

பனி கதவிடுக்கில் புகை மாதிரி வழிந்து உள்ளே வந்தது. ஜன்னல் இல்லை. கதவின் மேலே ஒரு கை அகலத் துளை, அதில் சாம்பல் நிற வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. தங்கை அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைத்தாள். சீறும் நீலச் சுடர். அக்கா கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள். கம்பி இரண்டு கையிலும்.

முதலில் சரளை நகர்ந்தது. ரொம்ப தூரத்தில்.

பிறகு பக்கத்தில்.

ஒழுங்கான நடையல்ல. இழுத்து, தடுக்கி, நின்று, மறுபடி இழுத்து. அதோடு ஒரு சத்தம், ஓட்டை விழுந்த துருத்தி ஊதுகிற மாதிரி. ஈரமாக. வேகமாக.

"வந்துட்டாங்க" என்றாள் தங்கை. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கதவில் ஏதோ மோதியது. கதவு உள்ளே திறந்தது. பனி வந்தது. பனியோடு அது வந்தது. ஆள் உயரம். முகம் முழுக்க ரத்தம், கண் எங்கே வாய் எங்கே என்று தெரியாமல். இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன. அவளை நோக்கி. அந்தத் துருத்திச் சத்தம்.

அடித்தாள்.

தோளில் விழுந்தது. எலும்பு முறிந்தது கம்பி வழியாக முழங்கை வரை தெரிந்தது. அது நிற்கவில்லை. கை அவள் சட்டையைப் பிடித்தது. மறுபடி அடித்தாள், பக்கவாட்டில், காதுக்கு மேலே. இருபத்தாறு நாள் பயமும் பசியும், தங்கை குழாயில் குடித்த ஆறு வாரமும் அந்த வீச்சில் இருந்தன. சூடாக முகத்தில் தெறித்தது. வாயில் உப்பு. மூன்றாவது தடவை கூர் முனையைத் திருப்பிக் குத்தினாள். விலாவுக்கு அடியில். இறங்கியது. இன்னும் தள்ளினாள். இன்னும்.

அது அவள்மேல் சாய்ந்தது.

சாய்ந்ததும் அவளுக்குத் தெரிந்தது.

முகம் தெரியவில்லை. குரல் கேட்கவில்லை. எடை தெரிந்தது. எழுபத்திரண்டு கிலோ. வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாக விழும், பழைய முட்டிவலி. பதினெட்டு வருடம் லாரியை விட்டு இறங்கி வந்து அவள் தோளில் இப்படித்தான் சாய்வார், ஒரு நிமிடம், செருப்பைக் கழற்றும் வரைக்கும். மோவாய் அவள் கழுத்து வளைவில் வந்து சரியாகப் பொருந்தியது.

அவரை ஏந்திக்கொண்டே தரைக்கு இறங்கினாள். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். கண்கள் அவளைப் பார்த்தன. தொண்டையில் குறுக்கே ஒரு கோடு, மெல்லியது, நேரானது, அளந்து போட்ட மாதிரி. குரல் மட்டும் போக எவ்வளவு ஆழம் வேண்டுமோ அவ்வளவு. உயிர் போக அல்ல. அந்த வேலையை அவளுக்கென்று விட்டுவைத்திருந்தது.

"ரெண்டு நாள் இருக்கே" என்றாள். "ரெண்டு நாள் இருக்கேங்க. ஏன் இன்னைக்கே வந்தீங்க?"

அவர் உதடு அசைந்தது. கோட்டில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. பிறகு கண்கள் பார்ப்பதை நிறுத்தின.

வாசலுக்கு வெளியே அவர் முதுகுப்பை விழுந்து கிடந்தது. பெரியது, பச்சை நிறம். வாய் திறந்து ரொட்டியும் டப்பாக்களும் ஒரு வலைப்பை ஆப்பிளும் படிக்கட்டில் உருண்டிருந்தன. இரண்டு பேருக்குத் தேவையானதற்கு மேலேயே வாங்கி வந்திருந்தார். எப்போதும் அப்படித்தான், கணக்கில்லாமல் வாங்குவார்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாள் என்று தெரியாது. துளையில் வெளிச்சம் போய்விட்டது. தங்கை வந்து பக்கத்தில் குந்தினாள். அவள் கை இதமாக இருந்தது. அக்காவின் விரல்களை அவர் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தாள், குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குகிற மாதிரி.

"விடுக்கா. நான் பார்த்துக்கறேன். நீ படு."

"அவரைத் தொடாதே."

"நீ எனக்கு எவ்வளவோ பண்ணியிருக்கே. படு."

எழுந்து தடுக்க வேண்டும். கால் எழவில்லை. கை எழவில்லை. ஐந்து நாள் பட்டினி உடம்பைப் பாறை மாதிரி தரையோடு அழுத்தியது. தங்கை அவரைக் கணுக்காலில் பிடித்து இழுத்தாள். தலை வாசற்படியில் ஒரு முறை இடித்தது. இழுப்பது பாதியில் லேசாயிற்று, யாரோ தோள் பக்கம் பிடித்துக்கொண்ட மாதிரி. இரண்டு பேர் ஒரு சுமையை எடுத்துச் செல்லும் காலடிகள் சுவருக்குப் பின்னால் போயின.

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் கேட்டது. ஈரத்துணியைக் கிழிக்கும் சத்தம். மூட்டு விடுபடும் சத்தம். நடுநடுவே நிதானமான அமைதி, எதையோ கையில் ஏந்தி எடை பார்ப்பதுபோல. பிளாஸ்டிக் சரசரத்தது. மறுபடி. மறுபடி. கடைசியாக ஒரு மூடி திருகிக்கொண்டு இறங்கியது, கிறீச்சென்று, கால் சுற்றுகூட மிச்சமில்லாமல்.

கண்ணைத் திறந்தபோது விடிந்திருந்தது. கதவு திறந்திருந்தது. படிக்கட்டைக் கழுவியிருந்தார்கள். ஆப்பிள்களைப் பொறுக்கி ஒரு வரிசையாக வைத்திருந்தார்கள்.

தங்கை அடுப்பருகே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாக அல்ல. ஒன்றரை வருடமாகப் பூப்போல மென்றவள், நரம்பும் எலும்புமாக இருந்த துண்டைக் கடைவாயில் வைத்து இழுத்துக் கிழித்தாள். தாடைத் தழும்பு ஏறி இறங்கியது. கொழுப்பு முழங்கை வரை வழிந்தது. அக்கா விழித்ததைப் பார்த்ததும் ஒரு தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். அதிலிருந்து ஆவி எழுந்தது.

"சாப்பிட்டுக் கிளம்புக்கா. இன்னும் ஏழு நாள் நடை இருக்கு."

"நான் வரல." நாக்கு ஒட்டிக்கொண்டு சொல் பாதியாக வந்தது. "என்னை விட்டுடுங்க."

தங்கை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாத பிள்ளையின் மரியாதை அந்தப் பார்வையில் இருந்தது.

அக்காவும் பார்த்தாள்.

பனி வாசற்படி வரைக்கும் வந்து வெள்ளைச் சுவராக நின்றது. அதற்குள், படிக்கு அந்தப் பக்கம், அவள் கணவரின் பச்சை முதுகுப்பை தெரிந்தது. தரையில் இல்லை. நிமிர்ந்திருந்தது, ஒரு ஆளின் தோள் இருக்கும் உயரத்துக்கு ஒரு முழம் மேலே. அதைச் சுமப்பது எதுவென்று பனியில் தெரியவில்லை. மார்புப் பட்டை மட்டும் ஒரு முறை இழுபட்டு, இறுகி, கிளிப் மாட்டிக்கொள்ளும் சின்னச் சத்தம் கேட்டது. பிறகு பை மெல்ல மேலும் கீழும் அசையத் தொடங்கியது, சுமை ஏற்றிக்கொண்ட ஒருவர் மற்றவர்கள் கிளம்பட்டும் என்று மூச்சு விட்டுக்கொண்டு காத்து நிற்பதைப் போல.